நீரால் குளிரும் கணிப்பொறி



திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மின்சார மோட்டார்கள் பரவுவதற்கு முன்னர், கிணற்று நீரை இறைத்தது ஆயில் எஞ்சின். நிலக்கடலைக் கொல்லையின் ஓரத்தில், ஒரு கீற்றுக் கொட்டகையின் கீழ் அது 'தடக், தடக்' என்று ஓடிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஓர் இரும்புப் பீப்பாய் நிறைய நீர் இருப்பதைச் சிறுவயதில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். பீப்பாயின் மேற்புறத்திலிருந்து ஒரு குழாயும் அடியிலிருந்து ஒரு குழாயும் எஞ்சினுக்குச் செல்லும். எஞ்சினுள் சூடேறிய நீர் இலேசாகி மேற்குழாய் வழியே பீப்பாய்க்கு ஏறும். பீப்பாயின் அடியிலுள்ள கனத்த குளிர்நீர் கீழ்க்குழாய் வழியே எஞ்சினுள் இறங்கும். தள்ளுவதற்குப் பம்பு எதுவும் இல்லாமலே நீர் சுற்றி வரும். மாலையில் அந்தப் பீப்பாய் நீரில் கைகால் கழுவுவது எங்களுக்கு ஒரு சுகம்.

அந்தப் பீப்பாயை அறுபது ஆண்டுகளுக்குப் பின் எனக்கு நினைவூட்டியது ஒரு கணிப்பொறி. என் தமக்கையின் மகன் பொறியியல் படித்தவன். கிரிவலப் பாதையை ஒட்டிய சிறிய வீடு அவர்களுடையது. அவன் படிப்பதும் அவன் பாட்டி உறங்குவதும் ஒரே அறையில்தான். சோற்றுக்கூடை அளவான ஒரு சிறு பெட்டிக்குள் அவன் தானே கணிப்பொறி ஒன்றைக் கட்டியிருந்தான். இரவில் அதற்குப் பெரிய கணக்கொன்றைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் சிறு விசிறி வண்டாகச் சுழன்று ஓலமிடும், பாட்டி விழித்துக்கொள்வார். விசிறியின் வேகத்தைக் குறைத்தால் கணிப்பொறி கொதிக்கும். பெட்டியைப் பெரிதாக்கவோ அறையில் இடமில்லை. "என்ன செய்யலாம், மாமா?" என்று கேட்டான். பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு உடனே அந்தப் பீப்பாய் நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவன் திகைத்து, "தண்ணீரையும் கரண்ட்டையும் ஒரே பெட்டியிலா வைக்கச் சொல்கிறீர்கள்?" என்றான்.

கணிப்பொறி ஏன் சூடாகிறது என்பதை முதலில் பார்ப்போம். கணிப்பொறியின் மூளையாகிய செயலி, தான் வாங்கும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதையும் இறுதியில் வெப்பமாகவே வெளிவிடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட செயலி 65 வாட் வகையைச் சேர்ந்தது. 65 வாட் என்பது பழைய குண்டு விளக்கு ஒன்றின் அளவுதானே என்று எண்ணலாம். ஆனால் அவ்வளவு வெப்பமும் பிறப்பது சுமார் 2 சதுர செண்டிமீட்டர் பரப்புள்ள சிலிக்கான் சில்லில். அதாவது ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரிலும் 32 வாட்டுக்கு மேல். வீட்டிலுள்ள 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர செண்டிமீட்டர். அதில் சதுர செண்டிமீட்டருக்கு 5 வாட்தான். இஸ்திரிப் பெட்டியைப் போல் ஆறு மடங்கு செறிவான வெப்பம், விரல்நகம் அளவான ஓரிடத்தில்! வெப்பத்தை அங்கிருந்து உடனுக்குடன் அகற்றாவிட்டால், 100 டிகிரி செண்டிகிரேடை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணிப்பொறி தானாக நின்றுவிடும்.

வெப்பத்தை ஏந்திச் செல்வதில் காற்று மிக எளிய பணியாள். ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1.2 ஜூல் ஆற்றல் போதும். ஒரு லிட்டர் நீருக்கோ 4180 ஜூல் வேண்டும். ஆகவே, ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொண்டு, நீர் காற்றைப் போல் ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கிறது. இதை ஒரு கணக்கால் தெளிவாக்குகிறேன். மாணவர்கள் தாளில் குறித்துக்கொள்ளலாம். கடும் வேலையின்போது செயலி 100 வாட், அதாவது வினாடிக்கு 100 ஜூல் வெப்பம் தருவதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால் வினாடிக்குச் சுமார் 16.7 கிராம். அதை ஒரு டிகிரி உயர்த்த 16.7 பெருக்கல் 4.18, ஏறத்தாழ 70 ஜூல். எனவே 100 ஜூல் சேரும்போது அந்த நீர் 1.4 டிகிரிதான் சூடேறுகிறது. செயலியைத் தொட்டுவிட்டு வரும் நீருக்கும், தொடப் போகும் நீருக்கும் வேறுபாடு அவ்வளவே!

இந்தச் சிறு எண்ணை அறியாதவர்கள், நீர் முதலில் எங்கே போகவேண்டும், எதன் பின் எது வரவேண்டும் என்று மிகவும் மயங்குகிறார்கள். சுற்று முழுவதும் நீரின் சூடு ஏறக்குறைய ஒன்றே ஆதலால் வரிசை பெரிதன்று. ஒரே ஒரு விதிதான் உண்டு: நீர்த்தொட்டி பம்புக்கு மேலேயும் முன்பாகவும் இருக்கவேண்டும். பம்பு வறண்டு ஓடினால் கெட்டுவிடும்.

இஃது ஒன்றும் புதுமையன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960களில் செய்த 'சிஸ்டம் 360, மாடல் 91' என்னும் பெருங்கணிப்பொறி நீரால் குளிர்விக்கப்பட்டது. நம் நாட்டில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டப்பட்டு 1960இல் முழு அளவில் இயங்கத் தொடங்கிய டிப்ராக் கணிப்பொறியில் சுமார் 2700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றினுள்ளும் சூடான இழை ஒன்று! இன்று புனே இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள 'பரம் பிரம்மா'வில் குளிர்விக்கும் திரவம் நேரே செயலிகளின் தலைமேலேயே கொண்டுவரப்படுகிறது. ஜெர்மனியில் மியூனிக் நகருக்கருகே 2012இல் இயங்கத் தொடங்கிய 'சூப்பர்மக்' இன்னும் ஒரு படி சென்றது. அதற்கு அனுப்பியது குளிர்ந்த நீரன்று. 40 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீர்! செயலி அதைவிடச் சூடாக இருப்பதால் வெந்நீரும் அதைக் குளிர்விக்கும். வெளிவரும் நீர் குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கவும் பயன்பட்டது. சித்திரை வெயிலில் வெந்து கிடக்கும் எங்கள் ஊர்க்காரனுக்கு இச்செய்தி எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இனி, எங்கள் பெட்டிக்கு வருவோம். தாய்ப்பலகை 17 செண்டிமீட்டர் சதுரம். அதன் மேல் செயலி. செயலியின் தலையில், வெப்பப் பசை தடவி, உட்புறம் மயிரிழை போன்ற வரிப்பள்ளங்கள் வெட்டிய ஒரு செம்புக் கட்டியைத் திருகி அழுத்தினோம். அதற்குள் நுழையும் நீர் அவ்வரிகளிடையே புகுந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு, ரப்பர் போன்ற குழாய் வழியே ரேடியேட்டருக்குச் செல்லும். லாரியின் முகப்பில் இருப்பதன் குட்டியே இந்த ரேடியேட்டர். அதன் மேல் 12 செண்டிமீட்டர் விசிறிகள் இரண்டு. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றாலும் நிறையக் காற்றைத் தள்ளும். ஆதலால் ஓசை குறையும். நாங்கள் விலைகொடுத்து வாங்கியது உண்மையில் நீரையன்று, இந்த இடமாற்றத்தைத்தான். செயலியின் தலையில் பெரிய விசிறி வைக்க இடமில்லை. பெட்டியின் மேற்கூரையில் இருந்தது. நீர், வெப்பத்தைத் தலையிலிருந்து கூரைக்குச் சுமந்து சென்ற கூலியாள், அவ்வளவே.

சிறு பெட்டியில் வேலை செய்வது பெரிய பொறுமையைக் கேட்கும். நினைவகத்தைச் செருகாமல் குழாயைப் பூட்டிவிட்டால் மீண்டும் அனைத்தையும் கழற்றவேண்டும். நாங்கள் மூன்று முறை கழற்றினோம்.

எல்லாம் பூட்டியபின் மின்சாரம் கொடுக்க அவன் துடித்தான்; நான் விடவில்லை. பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மற்ற எதற்கும் கொடாமல், 24 மணி நேரம் நீரை ஓடவிட்டுச் சோதிக்கவேண்டும் என்பது இத்துறையின் எழுதப்படாத சட்டம். ஒவ்வொரு மூட்டின் அடியிலும் செய்தித்தாள் துண்டுகளைப் பரப்பினோம். பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். இரவு மூன்று மணிக்கு அவன் என்னைத் தொலைபேசியில் எழுப்பினான். செயலியின் பக்கத்து மூட்டின் கீழிருந்த தாளில் எட்டணாக் காசளவு ஈரம்! குழாயைச் சற்றே சாய்வாக வெட்டியிருந்ததே காரணம். மின்சாரம் ஓடியிருந்தால் தாய்ப்பலகை போயிருக்கும். தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் பலகையின் தூசியைத் தொட்டவுடனே அது தூய நீராக இருப்பதில்லை. அன்று நாங்கள் இழந்தது ஒரு துண்டுத் தாள். குழாயை நேராக வெட்டி மீண்டும் 24 மணி நேரம் காத்திருந்தோம்.

அடுத்த பிழை என்னுடையது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

செலவைக் குறைக்க, பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய சிறு ரேடியேட்டரைப் பட்டறையில் நான்தான் வாங்கித் தந்தேன். வெளிநாடுகளில் முதன்முதல் வீட்டில் இத்தகைய கணிப்பொறி கட்டியவர்கள், கார்களின் சூடேற்றியையும் மீன்தொட்டிப் பம்பையும் பயன்படுத்தினார்கள் என்று படித்திருந்தேன், அந்த நினைப்பு. நான்கு மாதம் நன்றாக ஓடிற்று. பிறகு செயலியின் சூடு நாளுக்கு நாள் ஏறியது. அவன் தன் இறுதியாண்டுத் திட்ட வேலையின் கணக்குகளை முடிக்கவேண்டிய வாரத்தில் கணிப்பொறி இரவு இரவாகத் தானே நின்றது. இரண்டு இரவுகளின் கணக்கு வீணாயிற்று. திறந்து பார்த்தபோது நீர் பால்போல் கலங்கியிருந்தது. செம்புக் கட்டியின் வரிகளுக்குள் வெண்ணிறக் கசடு அடைத்துக் கிடந்தது.

அந்த ரேடியேட்டர் அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் சேர்ந்து நின்றால் என்ன நிகழும்? வோல்டாவின் மின்கலத்தைப் பல்லாண்டு கரும்பலகையில் வரைந்து கற்பித்தவன் நான்! இரண்டு உலோகங்களுக்கிடையே நீர் இருந்தால் அது ஒரு மின்கலம். இரண்டில் எளிதில் வினைபுரியும் அலுமினியம் கரைந்துகொண்டே போகும். கரைந்தது வெள்ளைக் கசடாகப் படியும். காரில் இதைத் தடுக்க அரிப்பெதிர்ப்பு மருந்து கலந்த திரவம் ஊற்றுகிறார்கள். நாங்கள் ஊற்றியதோ வெறும் நீர். சிறுவர்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த இரண்டு மாதப் பணத்தில் அவன் வாங்கிய செம்புக் கட்டி பாழாயிற்று. அவன் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இரவு முழுதும் அமர்ந்து திட்டத்தை முடித்தான். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அடுத்த மாத ஓய்வூதியத்தில் செம்பினால் ஆன ரேடியேட்டரும் புதிய கட்டியும் வாங்கிக் கொடுத்தேன்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியும். அத்தகைய உப்பு நீர் மயிரிழை வரிகளுக்குள் சென்றால் சில மாதங்களில் அடைத்துவிடும். எனவே பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று கடையில் விற்கும் உப்பு நீக்கிய நீரையே ஊற்றினோம். பாசி பிடிக்காதிருக்க அதற்குரிய மருந்து சில துளிகள்.

மறு கட்டுமானத்திற்குப் பின் வைகாசி மாத நண்பகலில் அளந்தோம். அறை 36 டிகிரி. நீர் 44. முழு வேலையில் செயலி 68. பழைய சிறு விசிறியோடு இதே அறையில் அது 92 டிகிரியைத் தொட்டதுண்டு. ஓசையோ, கூரை மின்விசிறியின் ஓசைக்குள் மறைந்துவிட்டது.

"தண்ணீர் ஓடுகிறதே, அறை கொஞ்சம் குளிருமா?" என்று பாட்டி கேட்டார். நல்ல கேள்வி. குளிராது. 100 வாட் வெப்பமும் கடைசியில் அதே அறைக்குள்தான் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரும் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தருகிறார்; ஆகவே அறையில் இன்னொருவர் கூடுதலாக உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அறையின் சூட்டுக்குக் கீழே செயலியை இறக்கவும் இந்த முறையால் இயலாது. மண்பானை நீர் குளிர்வது ஆவியாவதால். இங்கே நீர் மூடிய குழாய்க்குள் ஓடுகிறது, ஆவியாக வழியில்லை.

இதைக் கேட்கும் மாணவர் அனைவரும் உடனே நீர்ச் சுற்றுக் கட்டவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பெட்டியில் உயரம் இருக்குமாயின், வெப்பக் குழாய்கள் பொருத்திய நல்ல காற்றுக் குளிர்விப்பானே மலிவு, கவலையும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் செம்புக் குழாய்களுக்குள்ளும் பெரும்பாலும் சில துளி நீர்தான் இருக்கிறது. காற்றை வெளியேற்றி மூடிய குழாயில் அத்துளிகள் ஒரு முனையில் கொதித்து, மறுமுனையில் குளிர்ந்து, மீண்டும் திரும்பி வருகின்றன. மடிக்கணிப்பொறி வைத்திருப்பவர்களில் பலர் அறியாமலே நீரால் குளிரும் பொறியைத்தான் மடியில் வைத்திருக்கிறார்கள்.

அவன் இப்பொழுது வேலையில் இருக்கிறான். கணிப்பொறி அதே அறையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, கார்த்திகைத் தீபத்திற்கு ஊருக்கு வரும்போது, பழைய நீரை வடித்துவிட்டுப் புதிய நீர் ஊற்றுகிறான். வடித்த நீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கலங்கல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சென்ற ஆண்டு தெளிவாகவே இருந்தது.