மலேசியத் தமிழ் நூல்களின் பரவலில் சமூக ஊடகங்களின் பங்கு

முன்னுரை

மலேசியத் தமிழ் நூலாசிரியர் பெரும்பாலும் தம் நூலுக்குத் தாமே பதிப்பாளர், தாமே விற்பனையாளர். தம் செலவில் நூலை அச்சிட்டு, மண்டபமொன்றில் வெளியீட்டு விழா நடத்தி, முதற்படி பெறுவோர் வழங்கும் அன்பளிப்பைக் கொண்டு அச்சுச் செலவை ஈடுசெய்வது இங்கு நெடுங்காலமாக நிலவிவரும் நடைமுறையாகும். இம்முறை எழுத்தாளர் பலருக்குக் கைகொடுத்துள்ளது என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வாறு பெறப்பட்ட நூல்களுள் எத்தனை வாசிக்கப்பட்டன என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை.

தோட்டப்புற வாய்மொழிப் பாடல்கள் குறித்து நாம் வெளியிட்ட நூலும் இவ்வாறே 500 படிகள் அச்சாயிற்று. விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது 212 படிகள் நம் இல்லத்து அலமாரியிலேயே இருந்தன. மதிப்புரை ஒன்றேனும் வந்திருக்கவில்லை. 1986 ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி தேசிய நூலகத்திற்கு அளித்த ஐந்து படிகள் நூலைக் காக்கும்; வாசகரைத் தேடித் தாரா. இப்பின்னணியில், சமூக ஊடகங்களின் வழி நூலை வாசகரிடம் கொண்டுசேர்க்கும் முறைகளையும் அவற்றின் எல்லையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஞாயிறு பதிப்பு விட்டுச்சென்ற இடம்

1924 இல் தொடங்கப்பெற்ற தமிழ் நேசனும் 1935 இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற தமிழ் முரசும் இவ்வட்டாரத் தமிழிலக்கியத்தை வளர்த்த நாளிதழ்கள் என்பதை நாம் அறிவோம். அவற்றின் ஞாயிறு பதிப்புகள் இரு பணிகளை ஆற்றின. ஒன்று, எழுத்தாளரின் பெயரை அவரை அறியாத வாசகரிடம் கொண்டு சென்றது. மற்றொன்று, படைப்பைத் தேர்ந்தும் திருத்தியும் மதிப்பிட்டும் வெளியிட்டது. தமிழ் நேசன் 2019 இல் நின்றுபோன பின்னர் மலேசியாவில் அவ்விடம் மேலும் குறுகியது. முகநூலும் புலனம் எனப்படும் வாட்ஸ்அப்பும் முதற்பணியை ஓரளவு ஏற்றுள்ளன. இரண்டாவது பணியை ஏற்பார் யார் என்பதே நம் முன் நிற்கும் வினாவாகும்.

அறிவிப்பும் உரையாடலும்

நம் நூலாசிரியருள் பலர் சமூக ஊடகத்தை விழா மண்டபத்தின் நீட்சியாகவே பயன்படுத்துகின்றனர். அழைப்பிதழ், மாலையணிந்த படம், நன்றியுரை ஆகிய மூன்றோடு அவர்தம் பதிவுகள் முடிந்துவிடுகின்றன. நூலுள் என்ன இருக்கிறது என்பதை அவற்றால் அறிய இயலாது.

மேலும், முகநூலில் இடப்படும் பதிவு அனைவர் கண்ணிலும் படுவதன்று. எவர் எவரோடு உரையாடுகிறார், எப்பதிவு கருத்துரைகளைப் பெறுகிறது என்பன போன்றவற்றைக் கணித்தே அது வரிசைப்படுத்தப்படுகிறது. நிறுவனங்களின் பக்கங்களைவிட நண்பர், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முதன்மை அளிப்பதாக 2018 சனவரியில் முகநூல் நிறுவனம் அறிவித்தது. ஆகவே, நூலுக்கெனத் தனிப்பக்கம் திறந்து அறிவிப்புகளை மட்டும் இடுவது பயன் குறைந்த முயற்சியாகும். பிறர் மறுமொழி கூறத்தக்க செய்தியை முன்வைப்பதே பயன் தரும்.

இதனை நாம் பட்டறிவால் உணர்ந்தோம். அலமாரியிலிருந்த நூலிலிருந்து வாரம் ஒரு பத்தியை முகநூலில் இட்டுவந்தோம். ஒரு வாரம், குறிப்பிட்ட நடவுப் பாடலொன்று வழக்கொழிந்துவிட்டது என நாம் எழுதியிருந்த பகுதி வெளிவந்தது. பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், தம் தாயார் அப்பாடலை இன்றும் பாடுவதாக மறுத்தெழுதினார். பாடலைப் பதிவுசெய்தும் அனுப்பினார். நம் கூற்று பிழை என்பது தெளிவாயிற்று. அப்பிழையை அங்கேயே ஒப்புக்கொண்டோம். அவ்வுரையாடலைக் கண்டவருள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நூலை விலைக்குக் கேட்டனர். பாராட்டுரைகள் நிறைந்த விழா செய்யாததை ஒரு மறுப்பு செய்தது.

நடைமுறைக் குறிப்புகள்

முதலாவதாக, நூற்பகுதியைப் படமாக மட்டும் இடாது, ஒருங்குறி எழுத்திலும் இடுதல் வேண்டும். எழுத்தாக உள்ள பெயரையும் தலைப்பையும் தேடுபொறி எளிதில் கண்டெடுக்கும். அழகிய சுவரொட்டிப் படத்துள் இருப்பதை அது தவறவிடக்கூடும். 1985 இல் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் பிறந்த நாட்டில், தமிழைத் தட்டச்சு செய்ய இயலாது என்னும் காரணம் பொருந்தாது. பழைய எழுத்துருக்களில் கோக்கப்பட்ட நூலாயின், அச்சகத்தாரிடம் மூலக்கோப்பைக் கேட்டுப் பெற்று ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, புலனத்தில் ஒலிபரப்புப் பட்டியல் வழி அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்துள்ளவரை மட்டுமே சென்றடையும். 2022 முதல் ஒரு குழுவில் 1,024 பேர் வரை இடம்பெறலாம் எனினும், ஆசிரியர் குழுக்களில் அழையாது நுழைந்து விளம்பரம் இடுவது வெறுப்பையே தேடித்தரும். சிறுகதையொன்றைப் படிவம் நான்கு மாணவருக்கு எவ்வாறு கற்பிக்கலாம் என்னும் குறிப்போடு அனுப்பினால், அதே ஆசிரியர்கள் அதனை விரும்பிப் பகிர்வர்.

மூன்றாவதாக, நூலை வாங்கும் வழியை ஒவ்வொரு பதிவிலும் தெளிவாகக் குறிப்பிடல் வேண்டும். விலை, அஞ்சற்செலவு, பணம் செலுத்தும் முறை ஆகியன இல்லாத பதிவைக் கண்டு ஆர்வமுற்றவரும் மறந்துவிடுவர். மலேசியாவில் டூயிட்நவ், சிங்கப்பூரில் பேநவ் ஆகியன இருத்தலால் பத்து ரிங்கிட் நூலுக்கும் பணம் பெறுதல் எளிதாயிற்று.

நான்காவதாக, முழு நூலையும் மின்கோப்பாக்கிக் குழுக்களில் உலவவிடுதல் வேண்டா. ஓர் இயலை வழங்கினால் வாசகர் எஞ்சியதைத் தேடுவர். அனைத்தையும் வழங்கினால் பலர் சேமித்து வைப்பதோடு நிறுத்திக்கொள்வர். 2020 மார்ச்சு 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து மண்டபங்கள் மூடப்பட்டபோது, இயங்கலையில் நூலறிமுகம் செய்யக் கற்றோம். அரைமணி நேரம் ஓர் இயலை வாசித்து வினாக்களுக்கு விடையளிக்கும் அம்முறை இன்றும் போற்றத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவை யாவும் ஆசிரியர் தாமே செய்யக்கூடியவை. ஆயினும், தம் நூல் நன்று எனத் தாமே கூறுவதற்கு ஓர் எல்லை உண்டு. நூலாசிரியர் கதவைத் திறந்து வைக்கலாம். உள்ளே புகுந்து பார்த்துக் கருத்துரைப்பவர் வேறொருவராதல் வேண்டும். ஞாயிறு பதிப்பின் இரண்டாவது பணி இங்கேதான் வெற்றிடமாக உள்ளது.

அவ்வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு பல்கலைக்கழகத்தாராகிய நமக்கும் தமிழாசிரியர்களுக்கும் உரியது. வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்க ஒப்புக்கொள்ளும் நாம், அந்நூலை வாசித்து முந்நூறு சொற்களில் நிறைகுறைகளை எழுதிப் பொதுவில் இட ஏன் தயங்குகிறோம்? விருப்பக்குறி இடுவதற்கு ஒரு நொடி போதும். நூலை வாசிக்க ஒரு மாலைப் பொழுது வேண்டும். அம்மாலைப் பொழுதை நாம் வழங்காதவரை, எந்த ஊடகத்தாலும் நம் நூல்களை அலமாரியிலிருந்து வெளிக்கொணர இயலாது. நம் நூலைத் திருத்திய ஆசிரியையும் அதனை விலை கொடுத்து வாங்கி வாசித்த பின்னரே மறுத்தெழுதினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.