கோரையை ஒழித்த பின்னரே பாத்தி

வீட்டுக் கொல்லையில் புதிதாகக் காய்கறிப் பாத்தி அமைக்க முற்படும் அங்கத்தினர்கள் பலர், நிலத்தைக் கொத்தியதும் நாற்று நட்டுவிடுகின்றனர். கோரை மண்டிய இடத்தில் இவ்வாறு செய்வது கைப்பொருளை இழப்பதேயாகும். கத்தரியும் மிளகாயும் வேர் பிடிக்குமுன் கோரை தலைதூக்கிவிடும். இட்ட எருவும் இறைத்த நீரும் அதற்கே உணவாகும்.

பத்தமடையில் பாய் நெய்யப் பயன்படும் கோரை வேறு. ஈண்டுக் கூறும் களைக்கோரை வேறு. இதன் உயிர் இலையில் இல்லை, கிழங்கில் உள்ளது. மண்ணுக்குள் மெல்லிய தண்டுகளில் கோத்த மணிமாலை போலக் கிழங்குகள் தொடர்ந்திருக்கும். தொடர் அறுபடாத வரையில் பின்னுள்ள கிழங்குகள் பெரும்பாலும் உறங்கும். அறுபட்டால் அவையும் விழித்து முளைக்கும். ஒருமுறை கொத்திவிட்ட நிலத்தில் கோரை முன்னிலும் அடர்ந்து வளர்வதற்குக் காரணம் இதுவே.

கிழங்குகளிற் பெரும்பகுதி சுமார் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும். ஈரம் இழந்தால் அவை மடியும். ஆதலால் சித்திரை, வைகாசி வெயிலில் முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டிப் புரட்டி, இரண்டு வாரம் காயவிட வேண்டும். பொறுக்கிய கிழங்குகளை உலர்த்தி எரித்துவிடுக. எருக்குழியில் இட்டால் எருவோடு திரும்பி வரும்.

பின்னர் நீர் பாய்ச்சினால் எஞ்சியவை முளைக்கும். சில இலைகள் விடுவதற்குள் அவற்றைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதனை விடாது செய்தால், மீண்டும் மீண்டும் முளைப்பதிலேயே கிழங்கின் சேமிப்புக் கரைந்துபோகும்.

கறுப்புப் பிளாஸ்டிக் தாளை விரித்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். பல களைகளுக்கு அது போதும். கோரையின் கூரிய முளையோ தாளைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். ஆயினும் கோரை நிழலைத் தாங்காது. எனவே முதற்பயிராகத் தட்டைப்பயற்றை நெருக்கமாக விதைத்து நிலத்தை மூடுவது நலம்.

மண்வெட்டியையும் கலப்பையையும் மாறி மாறிப் பயன்படுத்தும் நம் அங்கத்தினர்கள், அவற்றில் ஒட்டிய மண்ணைக் கழுவிய பின்னரே அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு கிழங்கு ஒட்டிச் சென்றாலும் அண்டை நிலத்தில் கோரை காலூன்றிவிடும். ஒருவர் கோடை முழுவதும் பட்ட பாடு மற்றவர் கவனக்குறைவால் வீணாகலாகாது. நடவு ஒரு பட்டம் தள்ளிப்போனாலும் கேடில்லை. கிழங்கு அற்ற பாத்தியே பலன் தரும்.