எண்ணைப் பார்த்துத் திட்டாதீங்க!

சர்க்கரை நோய் பெரியவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம். முதல் வகை சர்க்கரை நோய் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வரும். உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிடும். தினமும் ஊசி போட்டே ஆக வேண்டும். 1922-ல் டொரண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டதும் 14 வயதுப் பையனுக்குத்தான்.

விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரோடு, இப்போது கையில் ஒட்டும் சென்சாரும் வந்திருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவைச் செல்போனில் காட்டும். விலைதான் அதிகம். வாங்க முடியாதவர்கள் மீட்டரில் தவறாமல் பார்த்து நோட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டலாம்.

அளவு 70-க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பட்டாசு ஆலைக்குள் நாம் செல்போன் கொண்டு போகக்கூடாது. சென்சார் அலாரம் அடித்தாலும் நமக்குத் தெரியாது. அதனால் வகுப்பு டீச்சரிடமும், பிள்ளையின் கூட்டாளி ஒருவரிடமும் சொல்லி வைப்போம்.

இன்னொன்று. மீட்டர் 250 என்று காட்டியதும் "என்னத்தடி தின்னே?" என்று கத்தினால், அடுத்த தடவை பிள்ளை அளவை மறைத்துவிடும். வளர்கிற வயசில் தின்னாமலேயும் அளவு ஏறும். அது பரீட்சை மார்க் இல்லை. "சரிம்மா, இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பழகுவோம்.