வயதான பூனைக்குத் தாகம் கூடினால்... முதுமையா, சர்க்கரை நோயா?

நெல் மூட்டை அடுக்கியிருக்கும் வீட்டில் பூனையின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், அந்தப் பூனைக்கு வயதாகும்போது வரும் நோய்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்:

‘‘எங்கள் வீட்டு ஆண் பூனைக்கு 11 வயது. நன்றாகக் குண்டாக இருந்தது, இரண்டு மாதமாக மெலிந்துகொண்டே வருகிறது. ஆனால், சாப்பாடு முன்பைவிட அதிகமாகக் கேட்கிறது. மாட்டுத் தொட்டி வரை போய்த் தண்ணீர் குடிக்கிறது. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது. என் மாமனார் சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா?’’

கொடுக்கவே கூடாது. மனிதர்களுக்கான சில சர்க்கரை மாத்திரைகள், நான்கு கிலோ எடையுள்ள பூனையின் ரத்தச் சர்க்கரையை ஒரேயடியாகக் கீழே தள்ளிவிடும். வலிப்பு வந்து பூனை இறக்கவும் கூடும். மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்வது போலத்தான் இதுவும். முதலில் பரிசோதனை, பிறகுதான் மருந்து.

நான் வேளாண்மை படித்தவன். மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். அவரிடம் போவதற்கு முன்பும் பின்பும் வீட்டில் செய்ய வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

அதிக தாகம், அதிக சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும். நோய் முற்றிய சில பூனைகள், பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி தொய்ந்து நடக்கும். வயதான, உடல் பருத்த, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். அரிப்புக்காக அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்ட பூனைகளுக்கும் வரலாம்.

ஆனால், சிறுநீரகக் கோளாறிலும் தாகம் கூடும், எடை குறையும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் பூனை நிறையத் தின்று மெலியும். எனவே, அறிகுறியை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைத்துவிடக் கூடாது.

வீட்டில் எடுக்க வேண்டிய கணக்கு

பூனையை ஒரு நாள் முழுவதும் அறைக்குள் வைத்து, தண்ணீரை அளந்து வையுங்கள். மறுநாள் மீதியை அளந்து கழித்தால், குடித்த அளவு தெரிந்துவிடும். ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம். அதாவது, 4 கிலோ பூனை 200 மில்லிக்கு மேல் குடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிறையக் குடிக்கிறதே என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். உடலில் நீர் வற்றினால் நிலைமை மோசமாகும்.

வாரம் ஒரு முறை, காய்கறி எடை போடும் தராசில் கூடையோடு வைத்து எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இந்தக் குறிப்பு மருத்துவருக்கு மிகவும் உதவும்.

ஒரு முறை ரத்தம் பார்த்தால் போதாது

பயந்த பூனைக்கு, நோய் இல்லாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். பையில் கட்டி, பேருந்தில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் ரத்தம் எடுத்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். எனவே, சிறுநீரிலும் சர்க்கரை பார்க்க வேண்டும். சிறுநீரில் குளுக்கோஸ், கீட்டோன் இரண்டையும் காட்டும் பட்டைகள் மருந்துக்கடையில் கிடைக்கும். பூனை சிறுநீர் கழிக்கும்போது நீளக் கைப்பிடிக் கரண்டியை நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம். கடந்த சில வாரங்களின் சராசரியைச் சொல்லும் ‘ஃப்ரக்டோசமின்’ என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. உள்ளூர் மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை அணுகலாம்.

பால் சோறு வேண்டாம்

பூனை இறைச்சி தின்னும் பிராணி. பால் சோறும் தயிர் சோறும் இட்லியும் அதற்கு ஏற்ற உணவு அல்ல. சர்க்கரை நோய் உறுதியானால் மாவுச்சத்தைக் குறைத்து, வேகவைத்த கோழி, முள் நீக்கிய மீன், முட்டை என்று மாற்றச் சொல்வார்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பை ஊற்றக் கூடாது, அவை பூனைக்கு நஞ்சு. சிறுநீரகம் கெட்டிருந்தால் உணவு முறையே வேறு. ஏற்கெனவே இன்சுலின் போட்டுவரும் பூனைக்கு உணவை மாற்றினால் மருந்தின் அளவும் மாறும். அதனால் கேட்டுவிட்டு மாற்றுங்கள். இளைக்க வைக்கிறேன் என்று குண்டுப் பூனையைப் பட்டினி போடாதீர்கள், கல்லீரல் பாதிக்கும்.

ஊசி போட வேண்டியிருந்தால்

பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணி நேர இடைவெளியில் தினமும் இரண்டு முறை இன்சுலின் தேவைப்படும். தோலைத் தூக்கிப் பிடித்துப் போடும் சின்ன ஊசிதான், பழகிவிடலாம். ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். நம் ஊரில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகையாகக் கிடைக்கிறது. இரண்டுக்கும் ஊசிக் குழல் வேறு. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும். மருந்துக் குப்பியில் உள்ள எண்ணும் ஊசிக் குழலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ஊசி போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்த வேளை போடாதீர்கள். ஒரு வேளை தவறுவதைவிட இரு முறை போட்டுவிடுவதுதான் ஆபத்து. பூனை சாப்பிடவில்லை என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடக் கூடாது.

தாமதிக்கக் கூடாத நேரம்

இன்சுலின் போடும் பூனை தள்ளாடினால், நடுங்கினால், சர்க்கரை குறைந்திருக்கலாம். தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். வலிப்பு இருக்கும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சாப்பாட்டை நிறுத்தி, வாந்தி எடுத்து, சோர்ந்து படுத்துவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். அது கீட்டோன் கூடியதன் அறிகுறியாக இருக்கலாம்.

தினமும் இரண்டு ஊசி, மருந்துச் செலவு என்பது சிறு விவசாயக் குடும்பத்துக்குச் சுமைதான். அதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், எது முடியுமோ அதற்கேற்ப வழி சொல்வார். சீக்கிரம் கண்டுபிடித்து, இன்சுலினோடு உணவையும் சரிசெய்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலை வருவதுண்டு. மீண்டும் வரலாம் என்பதால் தாகத்தையும் எடையையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

எனவே சகோதரி, மாமனாரின் மாத்திரையை எட்டாத இடத்தில் வையுங்கள். நாளைக்கே தண்ணீர்க் கணக்கும் எடையும் எடுத்து, அந்தக் குறிப்போடு இந்த வாரத்துக்குள் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.