கோபன்ஹேகனில் கட்டிய மும்பை

மும்பையின் தாராவியை வேறு ஊரில் கட்டுவது நமக்குப் புதிதல்ல. 'நாயகன்' படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் கட்டினார், தேசிய விருதும் வாங்கினார். 2018இல் வெளிவந்த 'காலா' படத்துக்காகவும் சென்னையில் தாராவி எழும்பியது. அதே ஆண்டு நவம்பரில், டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கிய 'ஹிட்மேன் 2' வீடியோ கேம் வெளிவந்தது. அதில் ஒரு கட்டம் முழுக்க மும்பை: குடிசைச் சந்துகள், ரயில் யார்டு, சினிமா படப்பிடிப்பு நடக்கும் பாதி கட்டிய கோபுரம். மொட்டைத்தலைக் கொலையாளி 47 இங்கே மூன்று பேரைத் தீர்த்துக்கட்ட வேண்டும். அவர்களில் வாசிர் காலே என்ற தாதாவின் முகமே யாருக்கும் தெரியாது. கூட்டத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த மும்பைக் கட்டத்தின் உயிரே கூட்டம்தான். மும்பைப் புறநகரான முலுண்டில் காலை லோக்கல் ரயிலைப் பிடிப்பவருக்குக் கூட்டம் சர்வசாதாரணம். கணினிக்கு அது பெரும்பாடு. விநாடிக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லி விநாடி. அதற்குள் நூற்றுக்கணக்கானோர் ஒவ்வொருவரும் பார்த்து, கேட்டு, நினைவில் வைத்து, முடிவெடுப்பது நடக்காத காரியம்.

அதனால் மனிதர்களை இரண்டு சாதியாகப் பிரிக்கிறார்கள். காவலர், இலக்குகள், வேலையாட்கள் என்று ஒரு சிலருக்கு மட்டும் 'மூளை' உண்டு. மற்றவர்கள் வெறும் கூட்டம். 2012இல் வந்த 'ஹிட்மேன்: அப்சொல்யூஷன்' கேமில் ஒரே காட்சியில் 1200 பேர்வரை நடமாடியது இப்படித்தான். தரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்று குறித்துவிடுவார்கள். கூட்டத்து ஆள் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து விலகுவான், நடப்பான், துப்பாக்கி வெடித்தால் ஓடுவான். இந்தச் சிக்கனத்துக்கு முன்னோடி கணினி நிபுணர் கிரெய்க் ரெனால்ட்ஸ். இடிக்காதே, பக்கத்துப் பறவை போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே என்ற மூன்றே விதிகளில் பறவைக்கூட்டத்தையே கணினியில் பறக்கவிட்டார், 1987இல்.

மூளையில்லாத இந்தக் கூட்டம்தான் 47க்கு அடைக்கலம். அதற்குள் கலந்துவிட்டால் காவலர் கண்ணுக்குத் தப்பலாம். கூட்டத்தில் யாரும் அவரை நினைவில் வைப்பதில்லை. பின்மண்டையில் பார்கோடு பச்சை குத்திய வெள்ளைக்காரர் சவரத் தொழிலாளியாகவும் தையல்காரராகவும் சந்துக்குள் நடமாடுகிறார். ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை!

இங்கேதான் இந்த மும்பை பொய்யாகிறது. சுமார் இரண்டே சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் தாராவியில், திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் சந்தில், புது ஆள் பத்தடி வைப்பதற்குள் "யாருப்பா வேணும்?" என்ற கேள்வி வந்துவிடும். நெரிசலில் முகம் மறையும் என்பது தூரத்திலிருந்து பார்ப்பவரின் கணக்கு. லோக்கலில்கூடத் தினமும் ஒரே பெட்டியில் ஏறும் குழுவுக்கு, வராதவர் யார் என்பதும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான தாராவிக்கு நெருக்கமான விதி ஒன்று அந்த விளையாட்டிலேயே இருக்கிறது. 47 எந்த உடையில் வந்தாலும், அந்த வேலையை நன்கறிந்த சிலர் மட்டும் வேஷத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் தலைக்கு மேல் வெள்ளைப் புள்ளி தெரியும். தாராவியில் அந்தப் புள்ளியை டீக்கடைக்காரர், குழாயடிப் பெண்கள், திண்ணைத் தாத்தா என்று எல்லார் தலைமேலும் வைக்க வேண்டியிருக்கும். அப்புறம் 47 ஒரு கொலையும் செய்ய முடியாது, கேமும் விற்காது.