புளிக்காத எலுமிச்சை

தில்லியில் நம்மவர் வீட்டு பால்கனியில் துளசி, கறிவேப்பிலை, ஓமவல்லி மூன்றும் அநேகமாக இருக்கும். நான்காவதாக லெமன் தைம் என்ற செடியையும் வைத்துப் பாருங்களேன்.

மத்தியதரைக் கடல் பக்கத்துத் தைம் இனத்தைச் சேர்ந்த குட்டிச் செடி இது. ஓரடிக்கு மேல் வளராது. பொடி இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சைத் தோல் வாசனை. அதன் பின்னாலேயே லேசாக ஓம வாசனை. ஓமத்திலுள்ள தைமால் இதிலும் உண்டு. எலுமிச்சைத் தோலிலும் எலுமிச்சைப் புல்லிலும் உள்ள சிட்ராலும் சேர்ந்திருக்கிறது. புளிப்பு மட்டும் கிடையாது.

அதுதான் எங்கள் வீட்டுக்கு வரப்பிரசாதமாயிற்று. என் மாமனாருக்கு வயிற்றுப் புண். புளி, எலுமிச்சை, தக்காளி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தஞ்சாவூர்க்காரருக்கு ரசமில்லாத சாப்பாடு எப்படி இறங்கும்? தட்டின் முன் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, நீர்க்கக் கரைத்து, நெய்யில் சீரகம் மட்டும் தாளித்தேன். அடுப்பிலிருந்து இறக்கியபின் இந்த இலை ஒரு டீஸ்பூன் போட்டு மூடிவைத்தேன். "ஏம்மா, எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறாயா?" என்று பயந்துகொண்டே கேட்டார். இல்லையென்று தெரிந்ததும் இன்னொரு கரண்டி சாதம் போடச் சொன்னார்.

இலையைக் கொதிக்கவிடாதீர்கள், எலுமிச்சை வாசனை ஆவியோடு போய்விடும். காம்பின் நுனியைப் பிடித்துக் கீழ்நோக்கி உருவினால் இலை தனியாக வந்துவிடும். உருளைக்கிழங்கு வதக்கலில் கடைசியில் தூவலாம். தயிர்சாதத்திலும் நன்றாகவே இருக்கிறது. டீயில் எனக்குப் பிடிக்கவில்லை.

விதை போட்டு முளைத்த செடிக்கு அதே மணம் வருமென்று நம்ப முடியாது. நர்சரியில் முகர்ந்து பார்த்துச் செடியாகவே வாங்குங்கள், அதுவும் அக்டோபர், நவம்பரில். தொட்டி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் கலக்கவேண்டும். ஓமவல்லி கருகும் ஜனவரிக் குளிரை இது சாதாரணமாகத் தாங்கும். மே, ஜூனில் காலை வெயில் மட்டும் போதும். இதற்கு எமன் ஜூலை மழைதான். வேர் ஈரத்தில் நின்றால் அழுகிவிடும். தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தி, மேல்மண் காய்ந்தபிறகே தண்ணீர் விடவேண்டும். எதற்கும் பிப்ரவரி, மார்ச்சிலேயே மூன்று அங்குல இளந்தண்டுகள் நாலைந்தை மணலில் ஊன்றிவிடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வேர்விடும்.

அப்படி வந்த ஒன்றை எதிர்வீட்டுப் பஞ்சாபி மாமிக்குக் கொடுத்தேன். அவர் அதை அஜ்வைன் என்றே சொல்லி, பராட்டா மாவில் பிசைந்துகொண்டிருக்கிறார்.