உங்களுக்குத் தெரியுமா? கூட்டமாய் நடக்கலாம், திருவிழாவும் பார்க்கலாம்!

◆ சீனாவில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை என்பது 1995 மே 1-ஆம் தேதி முதல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கே முன்பின் தெரியாத இருபது, முப்பது பேர் ஒரு பஸ் பிடித்து மலையேறிவிட்டு, அப்படியே ஏதாவது கிராமத்துத் திருவிழாவையும் பார்த்துத் திரும்புவது வார இறுதிப் பொழுதுபோக்காகிவிட்டது. ஒரு சங்கடமும் உண்டு. பண்டிகைக்கு நீண்ட விடுமுறை தரும் அரசு, அதற்கு ஈடாக முன்னாலோ பின்னாலோ வரும் சனி, ஞாயிறு ஒன்றை வேலைநாளாக்கிவிடும். சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளின் காதில் இதைப் போட்டுவிடாதீர்கள்!

◆ கூட்டமாக மலையேறுவது சீனர்களுக்குப் புதிதல்ல. அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் சோங்யாங் திருநாள். அன்று குடும்பத்தோடு உயரமான இடத்துக்கு ஏற வேண்டும், செவ்வந்திப்பூ மது அருந்த வேண்டும் என்பது பழைய வழக்கம். இப்போது அது முதியோர் நாளும்கூட.

◆ நமக்கு மலையைச் சுற்றும் நாள் பௌர்ணமி. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. செங்கல்பட்டுக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்திலேயே திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் மலையைச் சுற்றலாம். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறினால் உச்சியில் கோயில். உச்சிவேளையில் அர்ச்சகர் கையால் சோறு வாங்கித் தின்ன வந்த பறவைகளால் புகழ்பெற்ற மலை இது. பல ஆண்டுகளாக அவை வருவதில்லை.

◆ மாமல்லபுரம் பக்கத்து நெம்மேலிக்குத் திருவிழா என்றால் ஆளவந்தார் நாயகர் நினைவுக்கு வராமல் போகாது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலத்தைக் கோயில் உற்சவங்களுக்கும் அன்னதானத்துக்கும் எழுதிவைத்த மனிதர். திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் உற்சவங்களுக்கு அவர் வைத்த அறக்கட்டளையே கைகொடுக்கிறது. 2013-இல் திறக்கப்பட்ட நெம்மேலி கடல்நீர் குடிநீராக்கும் ஆலைக்கும் அந்த அறக்கட்டளை நிலம்தான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தண்ணீர்! சென்னைவாசிகள் ஒரு டம்ளர் குடிக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

◆ மாமல்லபுரம் கரையின் பெரிய திருவிழா டிசம்பர், ஜனவரியில் நடக்கும் நாட்டிய விழா என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் மாசி மகம்தான். இருளர்கள் செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்து மூட்டை முடிச்சோடு மாமல்லபுரம் கடற்கரையில் வந்து இறங்குகிறார்கள். நாலு குச்சி நட்டு, பழைய புடவையைச் சுற்றினால் வீடு தயார். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மனைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருப்பதாக நம்பிக்கை. விடியற்காலையில் ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டி, கோலம் போட்டு, பூவும் பழமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தப் படிகளுக்கு முன்னாலேயே கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் நடக்கும். மண்டபம் கிடையாது, வாடகை கிடையாது. மதியத்துக்குள் படிகளை அலை கொண்டுபோயிருக்கும்.

◆ அதே இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. இருப்பது நெம்மேலிக்குப் பக்கத்தில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இவர்கள் எடுத்துக் கொடுப்பது. இவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

◆ சென்னையில் ஓர் இரவு நடை உண்டு. மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-இலிருந்து நடத்துகிறது. ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். டார்ச் அடிக்கக் கூடாது. மணலில் டிராக்டர் சக்கரம் போனதுபோல ஒரு தடம் தெரிந்தால், கைத்தடியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். தடி சட்டென்று இறங்குகிற இடத்தில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். பொரிக்க ஒன்றரை மாதம். 2025 ஜனவரியில் இந்தக் கரையெங்கும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதையும் மறக்க முடியாது.

◆ ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தபோது அங்கே ஆட்சி செய்தவர் மாமல்லன் நரசிம்மவர்மன். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்து நடந்து பார்த்தது அந்த மாமல்லன் பெயர் தாங்கிய ஊரை.

◆ 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. வார இறுதி மலையேற்றத்துக்குப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதன்பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது. வழிகாட்டிகள் அந்தந்தப் பகுதி மக்கள். நமக்குக் கிட்டே இருப்பது திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை. கற்கால மனிதர் புழங்கிய இடம் அது.

◆ ‘ஆளுக்கு இவ்வளவு போடுங்கள், காட்டுக்குள் கூட்டிப்போகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற அழைப்பை நம்பிக் கிளம்பாதீர்கள். வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் கால் அரித்தால் மாசி மகத்துக்கு வாருங்கள். கல்யாண வீட்டுக்குள் கேமராவை நீட்டுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.